தன்னேரில்லாத் தலைவனும் மாறும் பகைவனும்: சூப்பர்மேன் படக்கதைகளில் தீமையின் உருவாக்கம் (1938–1987)

ஆய்வுச்சுருக்கம்

1938ஆம் ஆண்டு தொடங்கிய சூப்பர்மேன் படக்கதைகளில் பகைவன் என்னும் பாத்திரம் அடைந்த மாற்றங்களை இக்கட்டுரை ஆராய்கிறது. தொடக்கக் கதைகளில் சுரங்க உரிமையாளர், போர்த்தளவாட வணிகர், விலைபோன செனட்டர் முதலியோர் பகைவராக நின்றனர். 1939, 1940ஆம் ஆண்டுகளில் உலகை ஆள விழையும் அறிவியல் மேதை அவ்விடத்தைப் பெற்றான். 1986இல் அதே மேதை பெருவணிகனாக மறுபடைப்புப் பெற்றான். இம்மூன்று நிலைகளையும் ஒப்பிடும்போது, தீமை சமூக உறவிலிருந்து தனிமனித இயல்புக்கு இடம்பெயர்ந்ததும், அதற்கேற்ப நாயகனின் செயல்வெளி சுருங்கியதும் புலப்படுகின்றன. சூப்பர்மேன் பற்றி உம்பர்ட்டோ எக்கோ முன்வைத்த மதிப்பீடு தொடக்கக் கதைகளுக்குப் பொருந்தாது என்பதும் இங்கு எடுத்துக்காட்டப்படுகிறது.

திறவுச்சொற்கள்: படக்கதை, சூப்பர்மேன், லெக்ஸ் லூதர், பகைவன், தொடர்கதை வடிவம், வெகுசனப் பண்பாடு

1. முன்னுரை

பெருங்காப்பியத்துக்குத் தன்னேரில்லாத தலைவன் வேண்டும் என்பது தண்டியலங்காரம் வகுக்கும் இலக்கணம். காப்பியத் தலைவனுக்கு அது பெருமை. திங்கள்தோறும் வெளிவரும் படக்கதையின் தலைவனுக்கோ அதுவே சிக்கல். துப்பாக்கிக் குண்டு துளைக்காத, விரைவுத் தொடர்வண்டியையும் முந்தி ஓடுகிற ஒருவனோடு மோத யாரால் இயலும்? மோதுவதற்கு ஆள் இல்லையெனில் கதை எவ்வாறு நகரும்? சூப்பர் ஹீரோ என்னும் அதிநாயகனைப் படைத்தவர்கள் எதிர்கொண்ட முதன்மையான கதையியல் வினா இது. இவ்வினாவுக்கு வெவ்வேறு காலங்களில் கிடைத்த விடைகளே பகைவர்களாக உருப்பெற்றன.

அதிநாயகக் கதைகளைப் பற்றிய பேச்சு பெரும்பாலும் நாயகனின் ஆற்றல், மறைமுகம், தோற்றக்கதை ஆகியவற்றைச் சுற்றியே அமைகிறது. பகைவன் நாயகனின் நிழலாகவோ எதிர்மறையாகவோ சுருக்கமாகக் கூறப்பட்டு விடப்படுகிறான். ஆனால் ஒரு கதையுலகம் எதைத் தீமை எனக் கருதுகிறது என்பதைப் பகைவனைக் கொண்டே அறிய முடியும். தீமை எது என்பது வரையறுக்கப்பட்ட பின்னரே நன்மை செய்வதற்கு எவ்வளவு இடம் உண்டு என்பதும் தெளிவாகும். ஆகவே சூப்பர்மேனை அவன் பகைவர் வழியாக வாசிப்பது இக்கட்டுரையின் அணுகுமுறையாக அமைகிறது. 1933ஆம் ஆண்டின் முன்வடிவக் கதை, 1938 முதல் 1940 வரையிலான ஆக்‌ஷன் காமிக்ஸ் இதழ்கள், லூதரின் தோற்றத்தைக் கூறும் 1960ஆம் ஆண்டுக் கதை, 1986, 1987ஆம் ஆண்டுகளின் மறுபடைப்பு ஆகியவை ஆய்வு எல்லையாகக் கொள்ளப்பட்டுள்ளன.

2. முன்வடிவம்: பசியும் ஆற்றலும்

சூப்பர்மேனைப் படைத்த ஜெர்ரி சீகல், ஜோ ஷூஸ்டர் இருவரும் 1914இல் பிறந்தவர்கள். யூதக் குடியேறிகளின் பிள்ளைகள். கிளீவ்லாந்து நகரத்தின் ஒரே உயர்நிலைப் பள்ளியில் பயின்றவர்கள். பொருளாதாரப் பெருமந்தம் அமெரிக்காவை வாட்டிய ஆண்டுகளில் அவர்களுடைய இளமை கழிந்தது. 1933 சனவரியில், தாங்களே வெளியிட்ட சிற்றிதழ் ஒன்றில் சீகல் புனைபெயரில் ஒரு சிறுகதை எழுதினார். ஷூஸ்டர் அதற்குப் படம் வரைந்தார். சூப்பர்மேன் என்னும் பெயர் அவர்களது படைப்பில் முதலில் இடம்பெற்றது அக்கதையில்தான்.

அக்கதையின் சூப்பர்மேன் நாயகன் அல்லன், தீயவன். இலவச ரொட்டிக்காக வரிசையில் நிற்கும் ஏழை ஒருவனைப் பேராசிரியர் ஒருவர் உணவும் உடையும் காட்டி அழைத்துச் சென்று, அவன் அறியாமலேயே தம் ஆய்வுக்குப் பயன்படுத்துகிறார். பிறர் எண்ணங்களைப் படிக்கவும் ஆட்டிவைக்கவும் வல்ல ஆற்றலை அவன் பெறுகிறான். பேராசிரியரைக் கொல்கிறான், உலகை ஆள முயல்கிறான். இறுதியில் மருந்தின் ஆற்றல் தீர்ந்துபோக, மீண்டும் ரொட்டி வரிசைக்கே திரும்ப வேண்டியவனாகிறான்.

பிற்காலக் கதைகளின் விதைகள் இரண்டு இங்கே காணப்படுகின்றன. ஒன்று, வறுமையும் அதைத் தனக்குப் பயன்படுத்திக்கொள்ளும் மேலோரும். மற்றொன்று, அறிவால் உலகை வெல்ல முனையும் தனிமனிதன். முதல் விதை 1938ஆம் ஆண்டுக் கதைகளில் முளைத்தது. இரண்டாவது 1940இல் லூதராக வளர்ந்தது. எனவே அறிவியல் மேதையாகிய பகைவன் வெளியிலிருந்து புகுத்தப்பட்டவன் எனக் கூறுதல் பொருந்தாது. தொடக்கத்திலிருந்தே உடனிருந்த இரண்டு கூறுகளுள் ஒன்று மற்றொன்றை எவ்வாறு வென்றது என்பதே ஆராயத்தக்கது.

3. முதல் நிலை: பகைவன் ஒரு பதவி

1938 சூன் எனத் தேதியிட்ட ஆக்‌ஷன் காமிக்ஸ் முதல் இதழில் சூப்பர்மேன் நாயகனாக அறிமுகமானான். 13 பக்கம் கொண்ட அக்கதைக்காகப் படைப்பாளர் இருவரும் பெற்ற தொகை 130 டாலர். அத்தொகைக்கே பாத்திரத்தின் உரிமையையும் எழுதிக் கொடுத்தனர். ஒடுக்கப்பட்டோரின் காவலன் என்பதே அவ்விதழ் தன் நாயகனுக்கு அளித்த அறிமுகம். அந்த அறிமுகம் வெறும் அடைமொழி அன்று என்பதை அவன் யாரை எதிர்க்கிறான் என்பது காட்டுகிறது. கொலைக்குற்றம் சுமத்தப்பட்ட பெண்ணொருத்தியை மரண தண்டனையிலிருந்து காக்க நள்ளிரவில் ஆளுநரின் வீட்டுக் கதவைப் பெயர்த்துக்கொண்டு நுழைகிறான். மனைவியை அடிப்பவனைத் தண்டிக்கிறான். நாட்டை ஐரோப்பியப் போருக்குள் இழுக்கக்கூடிய சட்டமுன்வரைவை நிறைவேற்ற முயலும் செனட்டரையும், அவருக்குப் பின்னால் உள்ள தரகரையும் தேடி வாசிங்டன் செல்கிறான். இவர்களுள் எவரும் மீமனிதர் அல்லர். செய்தித்தாளின் நாள்தோறும் செய்திகளில் இடம்பெறத்தக்கவர்கள்.

இரண்டாம் இதழ் அத்தரகரின் பின்னால் நிற்கும் போர்த்தளவாட உற்பத்தியாளரிடம் வாசகரை அழைத்துச் செல்கிறது. போர் நடக்கும் நாட்டின் படையில் சேருமாறு சூப்பர்மேன் அவரைக் கட்டாயப்படுத்துகிறான். தாம் செய்து விற்ற குண்டுகள் தம் தலைக்கு மேலேயே வெடிக்கும்போது அவர் அத்தொழிலைக் கைவிட இசைகிறார். பின்னர் எதிரெதிர்ப் படைத்தலைவர் இருவரையும் தூக்கி வந்து, தமக்குள் நேருக்கு நேர் போரிட்டுக்கொள்ளுமாறு சூப்பர்மேன் கூறுகிறான். ஒருவர்மீது ஒருவருக்குச் சினமே இல்லை என்பதை இருவரும் உணர்கின்றனர். ஆயுத விற்பனைக்காகவே அப்போர் மூட்டப்பட்டது என்பது வெளிப்படுகிறது. போர் முடிகிறது.

மூன்றாம் இதழ் இன்னும் நுட்பமானது. பாதுகாப்பற்ற சுரங்கத்தில் காயமுற்ற குடியேறித் தொழிலாளி ஒருவரை, செய்தியாளனாகிய கிளார்க் கென்ட் சந்திக்கிறான். விபத்துக்குத் தொழிலாளியின் கவனக்குறைவே காரணம் என உரிமையாளர் கைவிரிக்கிறார். பின்னர், சுரங்கத்துக்குள் விருந்து கொண்டாட வந்த உரிமையாளரையும் அவருடைய செல்வ நண்பர்களையும் உள்ளேயே சிக்கவைத்து, மண்வெட்டியால் தோண்டச் செய்கிறான் சூப்பர்மேன். எச்சரிக்கை மணி இயங்கவில்லை. பாதுகாப்புக் கருவிகள் பயன்படவில்லை. பட்டறிந்த உரிமையாளர் தம் சுரங்கத்தைச் சீர்செய்வதாக உறுதி கூறுகிறார். இக்கதை முழுவதிலும் சூப்பர்மேன் தன் புகழ்பெற்ற உடையில் தோன்றுவதில்லை. சுரங்கத் தொழிலாளியின் உடையிலேயே தோன்றுகிறான். நாயகனின் அடையாளமாகிய உடையையே கதை துறந்துவிடுமளவுக்குச் சமூகப் பொருள் மேலோங்கியிருந்தது என்பதற்கு இது தக்க சான்று.

1939 சனவரியில் வெளியான எட்டாம் இதழில், இளைஞர் குற்றவாளிகளாவதற்கு அவர்கள் வாழும் பாழடைந்த நெரிசற் குடியிருப்புகளே காரணம் என்னும் முடிவுக்குச் சூப்பர்மேன் வருகிறான். சூறாவளியால் அழிந்த பகுதியில் அரசு புதிய வீடுகள் கட்டித் தருவதைச் செய்தித்தாளில் படிக்கிறான். தானே சூறாவளியாகிறான், மக்களை வெளியேறச் சொல்லிவிட்டுக் குடியிருப்புகளை இடித்துத் தள்ளுகிறான். தேசியக் காவற்படையும் குண்டுவீச்சு வானூர்திகளும் அவனைத் தாக்க வருகின்றன. அவை வீசும் குண்டுகளே எஞ்சிய கட்டடங்களையும் தகர்க்கின்றன. அவ்விடத்தில் அரசு நவீன வீடுகளைக் கட்டித் தருகிறது. ரூஸ்வெல்ட் அரசின் வீட்டுவசதிக் கொள்கை பேசப்பட்ட காலத்துக் கதை இது என்பதை நினைவிற்கொள்ள வேண்டும்.

இக்கதைகளின் பகைவர்க்குப் பொதுவான இயல்பு ஒன்று உண்டு. அவர்கள் பிறவியிலேயே தீயவர்கள் அல்லர். அவர்கள் வகிக்கும் இடமே அவர்களைத் தீமை செய்யவைக்கிறது. அதனால்தான் அவர்களுக்குக் கதை தரும் தண்டனையும் ஓர் இடமாற்றமாக அமைகிறது. சுரங்க உரிமையாளர் தொழிலாளியின் இடத்திலும், ஆயுத உற்பத்தியாளர் படைவீரனின் இடத்திலும் நிறுத்தப்படுகின்றனர். இடம் மாறினால் மனிதன் மாறுவான் என்பது இக்கதைகளின் அடிப்படை நம்பிக்கை. எட்டாம் இதழில் அந்நம்பிக்கை தனிமனிதனைக் கடந்து குடியிருப்பின் அளவுக்கு விரிகிறது. அங்குப் பகைவன் ஒரு மனிதன்கூட அல்லன், ஒரு வாழ்நிலை.

இந்நம்பிக்கையின் குறைகளையும் மறைத்தல் ஆகாது. சுரங்கக் கதையில் தொழிலாளர் சங்கம் இல்லை, வேலைநிறுத்தம் இல்லை. விடுதலை மேலிருந்து வருகிறது. துன்புறுவோர் அதைப் பெற்றுக்கொள்பவராக மட்டுமே நிற்கின்றனர். குடியிருப்பை இடிக்கும் முன் அங்கு வாழ்வோரின் கருத்தை நாயகன் கேட்பதில்லை. சட்டத்துக்கு அப்பாற்பட்ட ஒற்றை ஆற்றல் நல்லவன் கையில் இருப்பதால் மட்டும் அச்சம் நீங்கிவிடாது. ஆயினும் துன்பத்துக்குக் காரணம் தேடும்போது இக்கதைகள் மனித உறவுகளையும் பொருளியல் நிலைமைகளையும் நோக்கிச் சென்றன என்பது மறுக்க இயலாதது.

4. இரண்டாம் நிலை: பகைவன் ஒரு மேதை

1939 சூனில் வெளியான 13ஆம் இதழ் திருப்புமுனையாக அமைகிறது. வாடகைக் கார் ஓட்டுநரை மிரட்டிப் பணம் பறிக்கும் கும்பலைப் பற்றிய கதையாகவே அது தொடங்குகிறது. கும்பலைப் பின்தொடர்ந்து செல்லும் சூப்பர்மேன், அதன் தலைமையில் உடல் முடங்கிய, வழுக்கைத் தலையுடைய அறிவியலாளன் ஒருவனைக் காண்கிறான். அல்ட்ரா-ஹ்யூமனைட் என்னும் அவனே சூப்பர்மேனின் முதல் மீத்திறன் பகைவன். உலக ஆட்சியே அவனது வேட்கை. ஒரே கதைக்குள் சமூகக் குற்றம் வாயிலாகவும் மேதை உள்ளறையாகவும் அமைவது நோக்கத்தக்கது. மிரட்டிப் பணம் பறித்தலுக்கு இனி வறுமையோ நகர வாழ்வோ விளக்கமாக வேண்டுவதில்லை. ஒரு மேதையின் சூழ்ச்சியே போதுமானது.

1940 ஏப்ரலில் 23ஆம் இதழில் லூதர் அறிமுகமாகிறான். அவன் அப்போது செந்நிறத் தலைமுடி உடையவன். வழுக்கைத் தோற்றம் பின்னரே வந்தது. ஐரோப்பாவில் கற்பனை நாடுகள் இரண்டினிடையே அவன் போர் மூட்டுகிறான். நாடுகள் ஒன்றோடொன்று மோதி வலிமை இழந்தபின் உலகைத் தான் ஆளலாம் என்பது அவன் திட்டம். வான்கப்பலிலிருந்து தொங்கும் நகரம் அவனது இருப்பிடம்.

இக்கதையை இரண்டாம் இதழின் கதையோடு ஒப்பிடுதல் இன்றியமையாதது. இரண்டிலும் கதைக்கரு ஒன்றே: இரு நாடுகளுக்கிடையே பொருளற்ற போர், அதைப் பின்னிருந்து மூட்டும் ஒருவன், அவனை அம்பலப்படுத்தும் நாயகன். வேறுபாடு நோக்கத்தில் உள்ளது. 1938இல் போரின் காரணம் இலாபம். 1940இல் போரின் காரணம் ஆணவம். இலாபத்துக்குத் தொழிற்சாலை, தரகர், சட்டமன்றம், வாக்கு என ஒரு தொடர்ச்சங்கிலி வேண்டும். அச்சங்கிலியைக் கதை ஒவ்வொரு கண்ணியாகக் காட்டியது. ஆணவத்துக்கு ஒரு மூளை போதும். ஆயுத உற்பத்தியாளர் வாசகர் வாழும் உலகில் வாழ்ந்தார். லூதர் மண்ணில் கால்படாத நகரத்தில் வாழ்கிறான். தீமை சமூகத்திலிருந்து பெயர்ந்து மேலே சென்றுவிட்டது என்பதை அக்காட்சியே உணர்த்துகிறது.

இம்மாற்றத்துக்கு 1954ஆம் ஆண்டின் படக்கதைத் தணிக்கை நெறி காரணமாகக் கூறப்படுவதுண்டு. உளமருத்துவர் ஃபிரெட்ரிக் வெர்தமின் நூலும் செனட் துணைக்குழுவின் விசாரணையும் அவ்வாண்டில் பெரும் அதிர்வை ஏற்படுத்தின என்பதும், காவலர், நீதிபதி, அரசு அலுவலர் ஆகியோர்மீது மதிப்புக் குறையுமாறு கதை எழுதலாகாது எனப் பதிப்பகங்களின் கூட்டமைப்பு நெறி வகுத்தது என்பதும் உண்மை. ஆனால் கால வரிசை அக்கருத்துக்கு இடந்தரவில்லை. பகைவனின் மாற்றம் அதற்குப் பதினான்கு ஆண்டுகளுக்கு முன்பே நிகழ்ந்துவிட்டது. தணிக்கை நெறி ஏற்கெனவே மூடப்பட்ட கதவுக்குப் பூட்டிட்டது எனலாம்.

வலுவான காரணத்தைத் தொடர்கதை வடிவத்தில் தேட வேண்டும். 1939இல் சூப்பர்மேன் நாளிதழ்த் தொடராகவும் தனி இதழாகவும், 1940இல் வானொலித் தொடராகவும், 1941இல் திரையரங்க அசைபடமாகவும் பெருகினான். இத்துணைப் பெருக்கத்துக்குத் திரும்பத் திரும்ப வரக்கூடிய பகைவன் தேவைப்பட்டான். சுரங்க உரிமையாளர் மீண்டும் வர இயலாது, அவர் திருந்திவிட்டார். குடியிருப்பும் மீண்டும் வர இயலாது. அது புதிதாகக் கட்டப்பட்டுவிட்டது. சீர்திருத்தக் கதை தன் வெற்றியிலேயே முடிந்துபோகிறது. தப்பியோடும் மேதையோ ஒருபோதும் முடிவதில்லை. தீர்க்க இயலாத தீமையே விற்பனைக்கு உகந்த தீமை. 1941இல் பதிப்பகம் ஆலோசனைக் குழு அமைத்துக் கதைகளை ஒழுங்குபடுத்தியதும், அதே ஆண்டில் அமெரிக்கா போரில் இறங்கியதும் இப்போக்கை உறுதிசெய்தன. காவற்படையால் தாக்கப்பட்டவன் அரசின் நண்பனானான்.

இதற்கு விலக்கும் உண்டு. 1946ஆம் ஆண்டு வானொலித் தொடரில், சீன அமெரிக்கக் குடும்பமொன்றைத் துரத்த முயலும் முகமூடியணிந்த இனவெறி அமைப்பைச் சூப்பர்மேன் எதிர்த்தான். பகைவன் தனிமனிதனாகவே இருந்தாக வேண்டும் என்ற கட்டாயம் அப்போதும் இல்லை என்பதை இது காட்டுகிறது.

5. லூதரின் தலைமுடியும் எக்கோவின் வாசிப்பும்

1960 ஏப்ரலில் அட்வென்ச்சர் காமிக்ஸ் 271ஆம் இதழ் லூதரின் பகைக்குக் காரணம் கூறியது. இளமையில் அவன் சூப்பர்பாயின் அன்பனாயிருக்கிறான். ஆய்வுக்கூடத்தில் தீப்பற்றும்போது சூப்பர்பாய் ஊதி அணைக்கிறான். கிளர்ந்த வேதிப்புகையால் லூதரின் தலைமுடி உதிர்கிறது, அவன் படைத்த செயற்கை உயிரும் அழிகிறது. பொறாமையால் வேண்டுமென்றே இவ்வாறு செய்தான் எனத் தவறாக எண்ணிப் பகை கொள்கிறான். போருக்குக் காரணம் 1938இல் இலாபம், 1940இல் ஆணவம், 1960இல் உலகை அச்சுறுத்தும் பகைக்கே காரணம் ஒரு மனத்தாங்கல்.

இக்கதையை எழுதியவர் ஜெர்ரி சீகல் என்பதே இதன் துயரம். படைப்புரிமைக்காக 1947இல் வழக்குத் தொடுத்து, அடுத்த ஆண்டு ஓர் உடன்பாட்டோடு வெளியேற்றப்பட்ட அவர், 1950களின் இறுதியில் அதே பதிப்பகத்துக்குக் கூலி எழுத்தாளராகத் திரும்பியிருந்தார். கதையில் அவர் பெயர் அச்சிடப்படவில்லை. 1975இன் இறுதியில்தான் அவருக்கும் ஷூஸ்டருக்கும் ஓய்வூதியமும் பெயருரிமையும் கிடைத்தன. சுரங்க உரிமையாளரைத் தொழிலாளியின் இடத்தில் நிறுத்திப் பார்த்த எழுத்தாளர், தம் உழைப்பின் உரிமை பிறர் கையில் இருக்க, தனிமனித மனக்கசப்பின் கதையைப் பெயரின்றி எழுதினார். இதனை வாழ்க்கை வரலாற்றுச் செய்தியாக மட்டும் ஒதுக்க இயலாது. உழைப்புக்கும் உடைமைக்கும் இடையிலான உறவு கதைக்குள் மறைந்த காலத்தில், கதை உருவாகும் இடத்தில் அது முழு வலிமையோடு இயங்கியது.

இதற்கு ஈராண்டுகளுக்குப் பின், 1962இல், உம்பர்ட்டோ எக்கோ சூப்பர்மேன் பற்றிய தம் கட்டுரையை வெளியிட்டார். உலகையே மாற்றவல்ல ஆற்றலுடைய ஒருவன் ஏன் வங்கிக் கொள்ளையரைப் பிடித்துக்கொண்டும் அறக்கொடை திரட்டிக்கொண்டும் காலங்கழிக்கிறான் என்பது அவர் எழுப்பிய கூர்மையான வினா. அக்கதையுலகில் தீமை என்பது தனியுடைமைமீதான தாக்குதலாகவும் நன்மை என்பது அறக்கொடையாகவும் மட்டுமே தோன்றுகின்றன என்றும், நாயகனிடம் குடிமை உணர்வு உண்டு, அரசியல் உணர்வு இல்லை என்றும் அவர் கண்டார். 1950களின் கதைகளுக்கு இக்கருத்து மிகவும் பொருந்தும். ஆனால் அதனை அதிநாயக வகைமையின் மாறா இயல்பாகக் கொள்ளுதல் பிழை. 1938இல் சூப்பர்மேன் தனியுடைமையைக் காத்தவன் அல்லன். சுரங்கத்திலும் குடியிருப்பிலும் அதனோடு மோதியவன். எக்கோ வகைமையின் இயல்பு எனக் கண்டது, உண்மையில் ஒரு வரலாற்றின் விளைவு. பல்லாண்டுகளாகப் பலர் எழுதும் தொடர்ப்படைப்பை ஒற்றைப் பனுவலாகக் கொள்வதில் உள்ள இடர்ப்பாட்டை இது உணர்த்துகிறது.

6. மூன்றாம் நிலை: பகைவன் ஒரு பெருவணிகன்

1986இல் ஜான் பைர்ன் எழுதி வரைந்த ஆறு பகுதித் தொடர் சூப்பர்மேனின் வரலாற்றைப் புதிதாகத் தொடங்கியது. அதில் லூதர் தப்பியோடும் குற்றவாளி அல்லன். மெட்ரோபொலிஸ் நகரின் மிகப்பெரிய செல்வன். சூப்பர்மேனின் ஆற்றலைக் காண்பதற்காகவே தன் கப்பலில் வன்முறையாளர் புகுவதை அனுமதிக்கிறான். நகர மேயரின் ஆணைப்படி சூப்பர்மேன் அவனைக் கைதுசெய்கிறான். சிறிது நேரத்திலேயே அவன் விடுதலையாகிறான். தன் நகரத்தில் தன்னினும் உயர்ந்த ஒருவன் இருப்பதே அவனுடைய தீராப் பகைக்குக் காரணமாகிறது.

1938ஆம் ஆண்டின் முதலாளி திரும்பி வந்துவிட்டார் என இதனைக் கொண்டாடுதல் எளிது. ஆனால் திரும்பி வந்தது உடை மட்டுமே. சுரங்க உரிமையாளரின் தீமையைக் காட்டச் சுரங்கம் காட்டப்பட்டது. லூதரின் தீமையைக் காட்டத் தொழிற்சாலையோ தொழிலாளியோ பெரிதும் தேவைப்படுவதில்லை. அவனுடைய செல்வம் ஆய்வுக்கூடத்தின் இடத்தைப் பெற்ற மற்றொரு மீத்திறனே. மேலும் அவன் திருந்த மாட்டான். திருந்தினால் தொடர் நின்றுவிடும்.

ஆயினும் இக்காலப் பகுதி ஓர் அரிய கதையையும் தந்தது. 1987இல் வெளியான பைர்னின் சிறுகதையில், சாலையோர உணவகத்துப் பணிப்பெண்ணிடம் லூதர், தன்னோடு ஒரு திங்கள் தங்கினால் பத்து இலட்சம் டாலர் தருவதாகக் கூறுகிறான். முடிவெடுக்கப் பத்து நிமிடம் அளித்துவிட்டுக் காரில் காத்திருப்பவன், அவள் விடை கூறுமுன் புறப்பட்டுச் சென்றுவிடுகிறான். தான் எதைத் தேர்ந்திருப்பாள் என்னும் எண்ணம் அவளை வாழ்நாள் முழுதும் வாட்டும் என்பதே அவன் பெற்ற இன்பம். சட்டப்படி இங்குக் குற்றம் எதுவும் நிகழவில்லை. ஆற்றல்மிக்க நாயகன் வந்து தடுக்கவும் எதுவும் இல்லை. செல்வத்துக்கும் இன்மைக்கும் இடையிலுள்ள தொலைவே கொடுமைக்குக் கருவியாகும்போது தன்னேரில்லாத் தலைவன் செயலற்றுப்போகிறான். சுரங்கக் கதை எழுப்பிய வினாவை அரை நூற்றாண்டுக்குப் பின் இச்சிறுகதை மீண்டும் தொடுகிறது. ஆனால் விடை கூறும் துணிவு அதற்கு இல்லை.

7. முடிவுரை

மேற்கண்ட ஆய்வால் பின்வருவன பெறப்படுகின்றன. சூப்பர்மேன் கதைகளில் பகைவன் முதலில் ஒரு சமூகப் பதவியாகவும், பின்னர் ஒரு மேதையாகவும், இறுதியில் மேதையின் இயல்புகள் கொண்ட பெருவணிகனாகவும் அமைந்தான். இம்மாற்றத்துக்குத் தணிக்கை நெறியைவிடத் தொடர்கதையின் வணிகத் தேவை முந்திய காரணமாகும். முதல் நிலையில் நாயகன் நிலைமையை மாற்றினான். பின்வந்த நிலைகளில் நிலைமையைக் காத்தான். வலிமை வளர வளர அவன் செய்யக்கூடியது குறைந்துகொண்டே வந்தது. கட்டடங்களைத் தாண்டிக் குதிக்க மட்டுமே அறிந்திருந்தபோது ஒரு குடியிருப்பையே மாற்றியமைத்தவன், கோள்களிடையே பறக்கக் கற்றபின் ஒரு பணிப்பெண்ணின் துயரத்தின் அருகே வர இயலாதவனானான்.

அதிநாயகக் கதைகள் இன்று திரைப்படங்களாக உலகெங்கும் பரவியுள்ளன. அவற்றை ஆராய்வோர் நாயகனின் ஆற்றலை அளப்பதோடு நில்லாமல், பகைவனாக யார் நிறுத்தப்படுகிறார் என்பதையும், அப்பகைவன் திருந்துவதற்குக் கதை இடந்தருகிறதா என்பதையும் நோக்க வேண்டும். திருத்தவே இயலாதவனாகப் பகைவனைப் படைக்கும் கதை, உலகமும் திருத்த இயலாதது என்னும் எண்ணத்தை வாசகரிடம் சொல்லாமலே விட்டுச்செல்கிறது.